பச்சை டேப் ஒட்டிய பென் டிரைவ்

லிஃப்ட்காரர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், அங்கே லிஃப்டில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார். கூட வந்தவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, இவர் காது மோட்டாரில் இருக்கும். கயிறு முனகுகிறதா, கதவின் உருளை தேய்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். "மூணாவது மாடி வர்றதுக்குள்ள நாடி பிடிச்சுப் பார்த்துடுவார்" என்று அவர் மனைவி கேலி செய்வாள். முப்பத்தோரு வருட சர்வீஸ். அவர் கை வைத்த லிஃப்ட் ஒன்றுகூட ஆளோடு விழுந்ததில்லை. பழுது பார்த்து முடித்ததும் முதலில் அவரே ஏறி மேலும் கீழும் நாலு தரம் போய்வருவார். அதற்குப் பிறகுதான் அடுத்தவரை ஏற விடுவார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவது என்பது அவருக்குத் தொழில் தர்மம். அந்தத் தர்மம்தான் கடைசியில் அவர் காலை வாரிவிட்டது.

அவர் தங்கை போன் செய்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

"அண்ணா, கம்ப்யூட்டர் படுத்துடும் போல இருக்கு."

"எழுந்திரிக்கவே மாட்டேங்குதா?"

"எழுந்திரிக்குது. இருபது நிமிஷம் ஆகுது. நேத்து படிச்சுக்கிட்டு இருக்கும்போதே பட்டுன்னு அணைஞ்சு போச்சு."

"சரி பாப்பா, சாயங்காலம் வர்றேன். அதுவரைக்கும் அதைத் தொடாதே."

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் வைத்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது, அண்ணன் வாயிலிருந்து இனி போகாது. ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவாள். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என்ன பிரயோஜனம், எழுதியது எதுவும் ஒரு நாளைக்கு மேல் நின்றதில்லை.

அவள் கணவர் நீதிமன்ற அலுவலகத்தில் தட்டச்சர். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனிதருக்குப் பேச்சு சுத்தமாக இல்லை. ஆனால் பத்து விரலும் இருந்தது. கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார், சைகையில்தான். திரையில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். இவள் வாயால் கேட்பாள், அவர் விரலால் பதில் சொல்வார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

தட்டச்சர் புத்தி எங்கே போகும்? எழுதிய தாள் எதையும் கிழித்துப் போடாத ஆள். ஒவ்வொரு நாள் பேச்சையும் ஒரு ஃபைலாகச் சேமித்து, எண் போட்டுவிடுவார். முதல் நாள் ஃபைலுக்கு ஒன்று என்று பெயர். அதைத் திறந்தால் முதல் வரியே இப்படித்தான் இருக்கும்: "இனிமே சண்டை வந்தா நீ மட்டும்தான் கத்தணும். நான் டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள உனக்குக் கோபம் போயிடும்."

அப்படி நூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியது. நூற்றுப் பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பியது. விரல் கீபோர்டில் ஒரு விசையின் மேலேயே கிடந்தது. திரையில் 'ட' என்ற எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்த அந்த 'ட'க்களைப் பார்த்தாள். அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி சேமித்து, நூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டாள். அந்த ஒரு ஃபைல் மட்டும்தான் அவள் கையால் சேமித்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். பேக்கரியிலிருந்து வந்ததும் காபி கலந்துகொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். அதில் அவர் பேசியது மட்டும்தானே இருக்கும்? இவள் பேசிய பாதியை இவளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். "ஃபேனைக் கூட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பாள். "ஒண்ணு குறை, பறந்துடப் போறேன்" என்று அங்கே இருக்கும். நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. லிஃப்ட்காரர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது வாசலிலேயே இது காதில் விழுந்தது. பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு, அப்புறம்தான் அழைப்பு மணியை அழுத்தினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. திரையில் பெரிதாக ஒரு அறிவிப்பு வந்து மறைத்துக்கொண்டு நின்றது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதிய பதிப்புக்கு மாறுங்கள், ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானது அல்ல. வேலையை விட்டு நிறுத்துகிறவர்கள் எழுதும் கடிதம் மாதிரி இருந்தது அந்த மொழி.

"பேசாம புதுசா ஒண்ணு போட்டுடலாமே?"

"இந்தக் கீபோர்டு அதுல சேருமா?"

"சேரும். ஆனா எதுக்கு, அதோடயே புதுசு வரும்."

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். விசைகளின் மேல் கணவர் தமிழ் எழுத்து அச்சிட்ட சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தார். அவருக்கு எழுத்தைப் பார்த்துத் தட்டவேண்டிய அவசியமே இல்லை. இவள் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒட்டினார், இவள் கற்றுக்கொள்ளவில்லை.

"வேணாம்ண்ணா. இதுவே நல்லா ஓடற மாதிரி எதாவது பண்ணேன்."

லிஃப்ட்காரர் மாதாமாதம் போகும் அலுவலகக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இருந்தார். அவரிடம் கேட்டார். "பழைய மெஷினா? லினக்ஸ்னு இலவச சிஸ்டம் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க சார். துள்ளிக்கிட்டு ஓடும்" என்றார் அவர். எந்த லினக்ஸ் என்று கேட்டதற்கு, "அது நூத்துக்கணக்குல இருக்கு. ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு போட்டிருக்கிறதா பாருங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது.

அடுத்த மூன்று வாரம் லிஃப்ட்காரர் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இணையத்தில் படித்தால் தலை சுற்றியது. ஒருத்தர் இதுதான் சுலபம் என்றால், கீழேயே நாலு பேர் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதற்குக்கூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை என்று மனைவி சொன்னாள். அவர் மூன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று பென் டிரைவில் ஏற்றி, பையிலிருந்த இன்சுலேஷன் டேப்பில் சிவப்பு, நீலம், பச்சை என்று ஆளுக்கொரு துண்டு ஒட்டினார். வயருக்கு நிறம் பிரிக்கிற கை அது, சும்மா இருக்காது.

அவருக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. லினக்ஸை நிறுவாமலேயே, பென் டிரைவைச் செருகி அப்படியே ஓட்டிப் பார்க்கலாமாம். 'முதலில் முயன்று பாருங்கள். உங்கள் கணினியில் எதுவும் மாறாது' என்று போட்டிருந்தது. இந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தார். நாலு தரம் தானே ஏறிப் பார்க்கிற மனிதருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? உலகத்தில் யாரோ நம்மை மாதிரி யோசிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

தங்கை வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். சிவப்பு டேப்பில் தமிழ் உடைந்தது. கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலும் நின்றன. "அவரு பார்த்தா மயக்கம் போட்டுடுவாரு" என்றாள் தங்கை. ஒரு காற்புள்ளி பிசகினாலும் முழுத் தாளையும் மறுபடி அடிக்கிற மனிதர் அவர். நீல டேப்பில் எழுத்து அழகாக வந்தது, ஆனால் எல்லாம் இடம் மாறி, எதை எங்கே அழுத்துவதென்றே தெரியவில்லை. "அடுத்தவங்க வீட்டு அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்குண்ணா." மூன்றாவது ஞாயிறு பச்சை. கீழே இடது மூலையில் பொத்தான், பழையதில் இருந்த அதே இடம். எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதானது. தமிழ் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கணவர் பழகிய தட்டச்சு விசைப்பலகை முறைகூட இருந்தது.

"இது நம்ம வீடு மாதிரிதான் இருக்கு" என்றாள். பல மாதம் கழித்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தார் லிஃப்ட்காரர். இதற்காகவே இன்னும் முப்பது லினக்ஸ் பார்க்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

அன்றைக்கே போட்டோக்கள், பாட்டுகள், பென்ஷன் காகிதங்கள் எல்லாவற்றையும் தன் வீட்டில் பத்திரப்படுத்த வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டார். அந்த நூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் எடுக்கத்தான் போனார். தங்கை தடுத்துவிட்டாள்.

"அது மட்டும் வேணாம்ண்ணா."

"நான் படிக்க மாட்டேன் பாப்பா. பத்திரத்துக்குத்தான்."

"தெரியும். இருந்தாலும் அதுல எல்லாம் இருக்கு. ரெண்டு பேரும் சண்டை போட்டது, அவரு அழுதது. உன்னைத் திட்டினதுகூட இருக்கு. அது இந்த வீட்டை விட்டு வெளியில போக வேணாம்."

"என்னை என்னன்னு திட்டினார் மாப்பிள்ளை?"

"வந்தா சீக்கிரம் எழுந்து போக மாட்டேங்கிறான்னு."

இருவரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் வற்புறுத்தவில்லை. பின்னால் எத்தனையோ தடவை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய் அவர் வற்புறுத்திப் பார்த்தார், மனசுக்குள்.

"அப்போ உன் கண்ணு முன்னாடியே பழசுலேருந்து புதுசுக்கு மாத்திடறேன். ஒரு வார்த்தைகூட வெளிய போகாது. சரியா?"

"சரி" என்றாள். "ஒண்ணும் ஆகாதுல்ல?"

"என் கையில இதுவரைக்கும் எதாவது விழுந்திருக்கா?"

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்தான் பச்சை டேப் ஒட்டியதை அடுத்த ஞாயிறு, மதியம் இரண்டரை மணிக்குச் செருகினார்.

பச்சை எழுந்தது. கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டு ஒரு பக்கம் சின்னப் படமாகத் தெரிந்தது. அதைத் திறந்து, நூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்துப் புதிய திரையின் மேல் போட்டார். முகப்பு முழுக்க வரிசை வரிசையாக வந்து நிரம்பின. தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து எண்ணினாள். ஒரு தடவை நூற்றுப் பதினொன்று வந்தது, பதறிப்போய் மறுபடி எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு.

"திறந்து பாரு. நீயே பாரு" என்றார் லிஃப்ட்காரர்.

ஒன்றைத் திறந்தாள், இருந்தது. நாற்பத்தேழைத் திறந்தாள், அதுவும் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்ததோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியாக நூற்றுப் பன்னிரண்டைத் திறந்து, ஓடிய 'ட'க்களின் அடிவரைக்கும் இறக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"எல்லாம் வந்துடுச்சுண்ணா."

"பார்த்துட்டேல்ல? இப்போ நிறுவிடலாமா?"

"பண்ணு."

நிறுவும்போது அது ஒரு கேள்வி கேட்டது. பழைய சிஸ்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டுமா, இல்லை அதை அழித்துவிட்டு உட்காரட்டுமா? லிஃப்ட்காரர் யோசித்தார். இரண்டும் இருந்தால் ஒவ்வொரு தடவை போடும்போதும் எது வேண்டும் என்று கேட்கும். வேலை முடிந்து களைத்து வருகிறவளை எதற்குக் குழப்ப வேண்டும்? தங்கை மேல் இருந்த பாசத்தில்தான் அழிப்பதைத் தேர்ந்தெடுத்தார். 'எல்லாக் கோப்புகளும் நீக்கப்படும்' என்று எச்சரிக்கை வந்தது. கை ஒரு கணம் நின்றது. அந்தப் பெட்டியைச் சுட்டியால் ஓரமாக இழுத்துப் பார்த்தார். பின்னால் திரையில் நூற்றுப் பன்னிரண்டும் வரிசை குலையாமல் நின்றன. கண்ணால் பார்த்துவிட்டார். அப்புறம் என்ன? சரி என்று அழுத்தினார்.

இருபது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் ஃபைல்கள் கண்ணெதிரேதான் இருந்தன. தங்கை காபி கொண்டுவந்தாள். முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி துவக்குங்கள் என்றது. பச்சை டேப் ஒட்டியதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிட்டது. "பார்த்தியா!" என்றார் லிஃப்ட்காரர். திரை வந்தது. கீழே இடது மூலையில் பொத்தான் இருந்தது. பெரிய எழுத்து இல்லை, சின்ன எழுத்து. முகப்பில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மேஜை மாதிரி இருந்தது.

"கொஞ்சம் பொறு, வரும்" என்றார்.

இரண்டு பேரும் பொறுத்தார்கள்.

"இன்னொரு தடவை அணைச்சுப் போடுண்ணா."

போட்டார். மூன்று தடவை போட்டார். பென் டிரைவை மறுபடி செருகிப் பார்த்தார். பச்சை எழுந்தது, அதுவும் காலியாக எழுந்தது. பழைய வட்டைத் தேடினார், அதன் இடத்தில் புதியது உட்கார்ந்திருந்தது. அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது, ஆனாலும் கை தேடுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

தங்கை எழுந்து அடுப்படிக்குப் போனாள். இரண்டு காபி டம்ளரையும் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, "ஒண்ணும் ஆகாதுல்லன்னு நான் கேட்டேன்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வட்டைக் கழற்றித் துணியில் சுற்றி, அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெண்மணி பொறுமைசாலி. நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"பென் டிரைவ்ல ஓட்டிப் பார்க்கிறப்போ நீங்க போடறதெல்லாம் மெமரியிலதான் சார் இருக்கும். அணைச்சதும் போயிடும். நிறுவும்போது அது வராது. சுத்தமான சிஸ்டம்தான் உள்ள போகும்."

"ஆனா கண்ணுக்கு எதிர்லயே இருந்துச்சேம்மா. நிறுவி முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு."

"இருக்கும் சார். அணைக்கிற வரைக்கும் இருக்கும்." பெண்மணி வட்டைத் திருப்பிப் பார்த்தார். "'உங்க கம்ப்யூட்டர்ல எதுவும் மாறாது'ன்னு போட்டிருந்திருப்பாங்களே?"

போட்டிருந்தார்கள். மூன்று தடவை படித்தவர் ஆயிற்றே. எதுவும் மாறாது என்றால் எதுவும் தங்கவும் தங்காது என்று யோசிக்க, முப்பத்தோரு வருட சர்வீஸ் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

நாலு நாள் முயன்றார் அந்தப் பெண்மணி. ஃபைல்கள் ரொம்பச் சின்னவை, அவை இருந்த இடத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது என்றார். முந்நூறு போட்டோ மட்டும் திரும்பி வந்தன. எல்லாம் கை நடுங்கி எடுத்து, சரியில்லையென்று மாப்பிள்ளையே என்றைக்கோ தூக்கிப் போட்டவை. நல்ல படங்கள்தான் ஏற்கெனவே கையில் இருந்தனவே. லிஃப்ட்காரர் அந்த மங்கலான படங்களையும் வாங்கிக்கொண்டு வந்தார். வட்டை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டப் போனபோது தங்கை வீட்டில் இருந்தாள், கதவைத் திறந்துவிட்டாள். கிடைக்கவில்லை என்று அவர் சொன்னபோது தலையை மட்டும் அசைத்தாள்.

அதன் பிறகு போனை எடுக்கவில்லை அவள். லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு எட்டு தரம் மேலும் கீழும் போய்வந்தார். இறங்கி வந்தவரிடம் காவல்காரர், "என்ன சார், நீங்களே மாட்டிக்கிட்டீங்களா?" என்றார். சிரிக்க முடியவில்லை. மாட்டிக்கொண்டுதான் இருந்தார். "அவ உங்களை மன்னிச்சிடுவா" என்று மனைவி சொன்னபோது, "அவ மன்னிக்கிறதுல என்ன இருக்கு? அவரு பேச்சைத் திருப்பி யார் தருவா?" என்று கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பத்தாம் நாள் தங்கையே கூப்பிட்டாள்.

"அண்ணா, சாயங்காலம் வா. தமிழ்ல டைப் அடிக்கிற மாதிரி வெச்சுக் குடு."

போனார். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினார். எழுத்தைப் பெரிதாக்கினார். எழுந்துகொள்ளப் போனவரைத் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

"நான் சொல்றேன். நீ அடி. எனக்கு எழுத்து எங்க இருக்குன்னு தெரியாது."

"எனக்கும் தெரியாதே பாப்பா."

"ஒட்டி வெச்சிருக்காருல்ல. பார்த்துப் பார்த்து அடி."

பத்து நாளாக ஞாபகம் வந்ததையெல்லாம் பேக்கரி ரசீதுகளின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்தாள். அந்த அழகான கையெழுத்து. லிஃப்ட்காரர் ஒற்றை விரலால் விசை விசையாகத் தேடி அடித்தார். 'ஒன்று' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தார். சண்டை பற்றிய அந்த முதல் வரி முழுசாக வந்தது. ஃபேன் வந்தது. கஞ்சியில் உப்பு இல்லை என்று எழுதியது வந்தது. பக்கத்து வீட்டு நாய்க்குத் தன்னைவிட நல்ல குரல் என்று எழுதியது வந்தது. "வந்தா சீக்கிரம் எழுந்து போக மாட்டேங்கிறான்" என்பதையும் அவள் சொன்னாள். லிஃப்ட்காரர் அதையும் அடித்தார், எழுத்துப் பிழை இல்லாமல்.

இருபது இருபத்தைந்து வரி போனதும் அவள் தடுமாற ஆரம்பித்தாள்.

"'ராத்திரி நீ தூங்கினதும் நான் உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தேன்'னு எழுதினாரு. அதை அடி."

அவர் பாதி அடித்திருப்பார்.

"இரு. அவரு எழுதினாரா?" ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல, எழுதினா நல்லா இருக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேனா? எனக்குத் தெரியலையே அண்ணா. முன்னாடின்னா திறந்து பார்த்துடுவேன்."

"இருக்கட்டும் பாப்பா. அடிச்சுடறேன்."

"வேணாம். தெரியாததை அவரு பேருல போடக் கூடாது. அழி."

அழித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்தார். அதற்குப் பிறகு ஏழெட்டு ரசீதுகளை அவளே பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கசக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பதினான்கு ஃபைல் தேறியது. அவற்றிலும் பாதி, ஒரே ஒரு வரிதான்.

"நூத்திப் பன்னெண்டு" என்றாள். "அது மட்டும் எனக்கு நல்லா தெரியும். அதுல அவரு ஒண்ணும் சொல்லலை. வெறும் 'ட'தான்."

லிஃப்ட்காரர் தேடினார். அந்த விசையின் ஸ்டிக்கர் மட்டும் ஓரம் கிழிந்திருந்தது.

"விரலை எடுக்காம அழுத்தணும். அப்படித்தான் வந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

அவள் யோசித்தாள். "எவ்வளவு நீளம்னு எண்ணினதே இல்லையே நான்" என்றாள். "நீ அழுத்து. முடியற இடம் வந்ததும் சொல்றேன். பார்த்தா தெரியும் எனக்கு."

அவர் அழுத்தினார். ஒரு வரி நிரம்பி அடுத்த வரிக்கு இறங்கியது. பெரிய எழுத்து, அடுப்படியிலிருந்து பார்த்தாலும் தெரியும். திரை நிரம்பி, மேலே இருந்தவை மறைந்து, கீழே புதிதாக வந்துகொண்டே இருந்தன. லிஃப்ட்காரரின் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. எடுக்கவில்லை. தங்கை போதும் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லவே இல்லை.